முகத்திற்கு ஒரு வயது, முதுகிற்கு ஒரு வயது

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையின்போது நானும் என் தாயாரும் அத்திப்பட்டில் மின்சார இரயில் ஏறி, இராயபுரத்திலுள்ள பெரியம்மா வீட்டிற்குச் சென்றோம். பெண்கள் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. சன்னலோரம் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் என் தாயைக் கண்டதும் எழுந்து, "ஆயா, நீங்க இப்படி உட்காருங்க" என்றார். என் தாய் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார். யாரோ ஓர் ஆயா அங்கே நிற்பதாக நினைத்துவிட்டார். அப்படி யாரும் நிற்கவில்லை. பேச்சுவாக்கில் அந்த அம்மையார், தாம் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டுகள் இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் அவருக்கு வயது 58. என் தாய்க்கு வயது 46!

அன்றைய நாளே அப்படி அமைந்துவிட்டது போலும். இராயபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என் தாயைக் காட்டி, "இவங்க உங்க அக்காவா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். பெரியம்மாதான் ஐந்து வயது மூத்தவர். வீட்டிற்குள்ளேயே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பிழைப்பவர். என் தாயோ 16 வயதில் தொடங்கி 25 ஆண்டுகள் உப்பளத்தில் வேலை செய்தவர்.

உடன்பிறந்த இருவர், ஒரே வீட்டுச் சோறு உண்டு வளர்ந்தவர்கள். இளையவர் முகத்தில் மட்டும் மூப்பு முந்திக்கொண்டு வந்தது எப்படி? மூன்றாண்டுகளாக விலங்கியல் படிக்கிறேன். தவளையின் இதயத்திற்கு எத்தனை அறைகள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பெற்ற தாயின் முகத்திலுள்ள சுருக்கத்திற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லையே என்று அன்றிரவு வெட்கமாக இருந்தது.

விடையின் முதல் நுனி எனக்குக் கல்லூரி நூலகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை என் தாய்க்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, சீயக்காய் கொண்டு முதுகு தேய்த்துக் கொண்டிருந்தேன். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் செய்த வேலைதான். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கழுத்துக்கு மேலே 60 வயதைக் காட்டும் தோல். ஆழ்ந்த கோடுகள், கட்டம் கட்டமாகப் பிளந்த பிடரி, அங்கங்கே கரும்புள்ளிகள். இரவிக்கையின் விளிம்பிலிருந்து கீழே இறங்கினால் ஒரு கோடும் இல்லாத, மினுமினுக்கும் முதுகு. கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிந்தது. ஒரே உடம்பில் இரண்டு பெண்கள் இருப்பது போல!

இதை எங்கள் பேராசிரியையிடம் சொன்னபோது அவர் ஒரு திருத்தம் சொன்னார். முதுகுத் தோல் இயல்பிலேயே தடித்தது, முகத்தோல் மெல்லியது. ஆகவே அவ்விரண்டையும் ஒப்பிடுவது முற்றிலும் நியாயமாகாது. முன்கையின் வெளிப்புறத்தையும் மேற்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பார் என்றார். பார்த்தேன். விடை மாறவில்லை. வாசக நண்பர்களும் தத்தம் கையில், இல்லையேல் வீட்டுப் பெரியவர்களின் கையில், இப்போதே பார்த்துக் கொள்ளலாம். இரு பகுதித் தோலும் பிறந்த நாள் ஒன்றுதான். அவற்றுள் ஒன்று மட்டும் வெயிலைக் கண்டது.

தோல் மூப்படைவது பற்றிப் பேசுமுன் தோலின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். மேலே இருப்பது மேல்தோல். பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். இதன் அடி வரிசையில் உயிரணுக்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, உச்சியை அடையும்போது இறந்து செதிலாக உதிர்கின்றன. இளமையில் இப்பயணத்திற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். முதுமையில் இன்னும் பல நாட்கள் கூடும். நாம் தொட்டுப் பார்ப்பதும் பவுடர் பூசுவதும் இந்த இறந்த அடுக்கின் மீதுதான். ஆனால் சுருக்கம் பிறக்கும் இடம் இதுவன்று. அது இதற்கு அடியில் இருக்கும் உள்தோல்.

உள்தோல் கட்டப்பட்டிருக்கும் பொருளின் பெயர் கொலாஜன். நீரை நீக்கிவிட்டு நிறுத்தால் உள்தோலின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தப் புரதம்தான். கிரேக்க மொழியில் இப்பெயருக்குப் பசையை உண்டாக்குவது என்று பொருள். தச்சர்கள் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைக் கொண்டு மரத்தை ஒட்டுவார்களே, அந்த வச்சிரம் சிதைந்த கொலாஜனேயன்றி வேறில்லை. ஆட்டுக்கால் சாறு ஆறியதும் கெட்டிப்பட்டு நடுங்குவதும் இதனால்தான். கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது. இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையை எலாஸ்டின் என்ற மற்றொரு புரதம் தருகிறது. இவ்விரண்டையும் நெய்கிற நெசவாளி உயிரணுவுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். தமிழில் நாரணு என்போம்.

இங்கே ஒரு பெருமையை நான் சொல்லியே ஆக வேண்டும். கொலாஜனின் கட்டமைப்பை உலகிற்குச் சொன்ன இடம் நம் சென்னை! 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைக் கட்டியெழுப்ப வந்த ஜி. என். இராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுதான் இருக்கும். துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அவரைப் பெங்களூரிலிருந்து அழைத்து வந்தார். அந்நாளில் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சினிடையே சொன்னாராம். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, 1954-இல் 'நேச்சர்' இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதை மேலும் செப்பம் செய்து வெளியிட்டார்கள். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொல்லி ஓராண்டு கழிந்த நிலையில் கிண்டியிலிருந்து முச்சுருள் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தை அடுத்திருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கிற்கு இன்று முச்சுருள் என்றே பெயர்.

அந்த முச்சுருள் என்ன? நம் ஊர்க் கிணற்றடியில் கிடக்கும் முப்புரிக் கயிறுதான். ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதைப் போன்ற மூன்று ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறிய கயிறு. மூன்று புரிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. அங்கே பொருந்தக் கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசின் ஒன்றே. ஆகவே சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்தான் அமர்ந்திருக்கிறது. முறுக்கு அவிழாமல் இருக்க, சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமிலத்திற்கு ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டும். அந்த மாற்றத்திற்கு வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயும் எலுமிச்சையும் கிடைக்காத பழைய கடலோடிகளுக்கு ஈறில் இரத்தம் கசிந்து, ஆறிய புண்ணும் மீண்டும் பிளந்தது இதனால்தான். உடம்பிலிருந்த கயிறுகள் முறுக்கு ஏறாமல் போயின.

இக்கயிறு மிக உறுதியானது. எளிதில் மாற்றப்படுவதும் இல்லை. தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதிதாக மாறுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேல்தோல் மாதம் ஒருமுறை சட்டை மாற்றுகிறது. உள்தோலோ நமக்கு நேர்ந்த யாவற்றையும் ஆண்டுக்கணக்கில் ஞாபகத்தில் வைத்திருக்கிறது. சுருக்கத்தின் கதையெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது எனலாம்.

வெயிலே படாவிட்டாலும் தோல் மூப்படையும். என் தாயைப் பெற்ற ஆயாவுக்கு வயது 76. அவர் பல ஆண்டுகளாக வீட்டைவிட்டு அதிகம் வெளியே போவதில்லை. அவருடைய முதுகில் ஆழ்ந்த கோடுகள் கிடையாது. ஆனால் தோல் காகிதம் போல் மெலிந்து, நரம்பெல்லாம் தெரிகிறது. ஒருமுறை கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நான் சற்று வேகமாக உரித்தபோது தோலும் சேர்ந்து வந்துவிட்டது. மேல்தோலும் உள்தோலும் இளமையில் விரல்களைக் கோத்துக்கொண்டது போல் மேடு பள்ளங்களால் பிணைந்திருக்கும். வயதாக ஆக அந்த மேடு பள்ளம் தட்டையாகி, பிடிப்புத் தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் அப்படி உரிகிறது. லேசாக இடித்துக் கொண்டாலும் ஊதா நிறத்தில் இரத்தம் கட்டுவதற்குக் காரணம், இரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடித்திருந்த கொலாஜன் குறைந்து போனமைதான். வாலிபம் தொட்டு ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் வீதம் தோலில் கொலாஜன் குறைந்துகொண்டே போகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாண்டுகளில் இக்குறைவு மிக வேகமாக நடக்கிறது.

இவ்வகை மூப்பிற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மனித நாரணுக்களை உடலுக்கு வெளியே வளர்த்தால் அவை ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திக் கொள்கின்றன என்று 1961-இல் லியனார்டு ஹேஃப்லிக் கண்டறிந்தார். ஒவ்வொரு பிரிவின்போதும் குரோமோசோமின் நுனியில் உள்ள டெலோமியர் என்ற பகுதி சிறிது தேய்ந்து போகிறது. செருப்புக் கயிற்றின் நுனியிலுள்ள பூண் தேய்ந்தால் கயிறு பிரிந்துவிடுவது போலத்தான். இந்நுனிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் ஆகியோருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிவதை நிறுத்திய கிழட்டு அணுக்கள் சும்மாவும் இருப்பதில்லை. அக்கம்பக்கத்தைக் கெடுக்கும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. வேலையும் செய்யாமல், வேலை செய்பவரையும் விடாமல் இருப்பவர்களை நாம் எல்லா இடத்திலும் பார்க்கிறோம் அல்லவா!

ஆயாவின் மூப்பு இவ்வாறு கடிகாரம் தந்தது. என் தாயின் மூப்பைத் தந்தது உப்பளம்.

அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளிப் பக்கங்களில் உப்பளங்கள் பரந்து கிடந்த காலத்தை எங்கள் ஊரில் நடுத்தர வயதினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அனல் மின் நிலையமும் துறைமுகமும் நிலக்கரி லாரிகளும் பெருகி, பாத்திகள் சுருங்கிவிட்டன. உப்பளத்தில் வெயில்தான் முதலாளி. வெயில் ஏறினால்தான் பாத்தியில் உப்பு இறங்கும். நிழல் விழுந்தால் விளைச்சல் கெடும் என்பதால் அங்கே ஒரு மரமும் கிடையாது. எங்கள் ஊர் வட அட்சம் 13 பாகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். புற ஊதாக் கதிர்களின் கடுமையை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள்; 11-க்கு மேற்பட்டால் உச்ச அபாயம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் கோடையில் மேகமில்லாத நண்பகலில் அந்த எண்ணைத் தாண்டுவது இயல்பு. உப்பு விளையும் பருவமும் அதுவே.

உப்பளத்துப் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக் கொள்வார்கள். சட்டைக் கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார்கள். பலகையால் உப்பை வாரும்போது நனையுமே! அந்தச் சட்டைதான் என் தாயின் முதுகைக் காப்பாற்றியது. முகத்தைத் துண்டு காப்பாற்றவில்லையா என்று கேட்கலாம். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த கடற்கரை மணல் தன் மீது விழும் புற ஊதாக் கதிர்களில் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல் எப்படிக் கண்ணைக் கூசச் செய்யும் என்பது இரயில் சன்னல் வழியே பார்த்தவர்களுக்கே தெரியும். குனிந்து உப்பு வாருபவளின் முகத்தில் கீழிருந்தும் வெயில் அடிக்கிறது. என் தாயின் தாடைக்கு அடியிலும் கறுத்திருப்பதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று.

இந்தக் கதிர் தோலுக்குள் போய் என்னதான் செய்கிறது? பூமியை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் இரு வகை உண்டு. 'பி' வகை அளவில் குறைவு. மேல்தோலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். தோல் எரிவதும் சிவப்பதும் இதனால்தான். 'ஏ' வகையோ நூற்றுக்குச் சுமார் 95 பங்கு. எரிச்சல் காட்டாமல் நேரே உள்தோல் வரை இறங்கிவிடும். அங்கே கதிர் பட்டதும் ஆக்சிஜனின் துடுக்கான வடிவங்கள் தோன்றி, உயிரணுவிற்குள் ஓர் அபாயச் சங்கை ஊதுகின்றன. அதன் விளைவாகச் சில மணி நேரத்திற்குள் கொலாஜனை வெட்டும் கத்தரிக்கோல் நொதிகள் சுரக்கின்றன. புதிய கொலாஜன் உற்பத்தியும் அதே வேளையில் குறைக்கப்படுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷர், ஜான் வூர்ஹீஸ் குழுவினர் 1996-இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் இதை மனிதத் தோலிலேயே காட்டினார்கள். தோல் சிவக்கப் போதாத சிறு அளவு வெயிலுக்கே இந்நொதிகள் சுரந்துவிடுகின்றன என்பதுதான் அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. "எனக்கு வெயில் பழகிப் போச்சு, ஒண்ணும் செய்யாது" என்று என் தாய் சொல்வார். எரியவில்லை என்பது மெய். வெட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

இராமச்சந்திரன் கண்ட முப்புரிக் கயிற்றை இந்த நொதி ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டுகிறது. முக்கால் நீளம் ஒரு துண்டு, கால் நீளம் ஒரு துண்டு. அதன்பின் வேறு நொதிகள் வந்து துண்டுகளை அரிக்கின்றன. உடல் பழுது பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் கிழிசலைத் தைத்த துணி புதுத் துணி ஆகுமா? ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தழும்பு மிஞ்சுகிறது. ஆண்டுக்குச் சுமார் 250 நாள் என்று வைத்துக்கொண்டு, 25 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்தத் தழும்புகளின் கூட்டுத் தொகையைத்தான் நாம் சுருக்கம் என்று அழைக்கிறோம்.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. நாரணு தன்னைச் சுற்றியுள்ள கொலாஜன் இழைகளைப் பற்றி இழுத்துக்கொண்டு விறைப்பாக இருந்தால்தான் நன்றாக நெய்யும். தறியில் பாவு தளர்ந்துவிட்டால் நெசவாளி என்ன செய்வான்? சுற்றியுள்ள இழைகள் அறுந்தபின் நாரணுவும் சுருண்டுவிடுகிறது. அப்போது அது நெய்வதைக் குறைத்து, வெட்டும் நொதியைக் கூடுதலாகச் சுரக்கிறது. சேதம் சேதத்தைப் பெறுகிறது. எலாஸ்டினுக்கும் ஒரு கேடு நேர்கிறது; வெயில் பட்ட இடத்தில் அது ஒழுங்கற்ற முடிச்சுகளாகக் குவிந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிக்கு விழுந்த நூல் கண்டு போலிருக்கும். என் தாயின் பிடரியில் கண்ட தடித்த கட்டங்கள் இதன் வெளித் தோற்றமே.

நம்மவர் கறுப்பு நிறத்தினர். கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும் என்று சிலர் நினைக்கலாம். பாதி உண்மை. மெலனின் என்ற நிறப்பொருள் மேல்தோல் அணுவிற்குள் சென்றதும், உட்கருவின் மேல் சரியாக ஒரு குடை போல் கவிந்து நின்று மரபணுவைக் காக்கிறது. இயற்கையின் இந்தக் கருணையை என்னென்பது! வெள்ளைத் தோலினரைவிட நமக்குச் சுருக்கம் பல ஆண்டுகள் தாமதித்து வருவதற்கும், தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கும் அக்குடைதான் காரணம். அழகென்று எண்ணி அந்தக் குடையையே சுரண்டி எறியப் பணம் செலவழிக்கிறோம். இது என் சொந்த ஆதங்கம், இருக்கட்டும். குடை எத்தனை நல்லதாயினும் 25 ஆண்டு மழைக்கு ஒழுகத்தானே செய்யும்? நம் போன்ற தோலில் வெயில் மூப்பு முதலில் கோடாக வருவதில்லை. திட்டுத் திட்டான கருமையாகவும் புள்ளிகளாகவும் வருகிறது. கோடு பின்னால் வருகிறது.

இதற்கெல்லாம் நேரடிச் சான்று வேண்டுவோருக்கு 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு படத்தைச் சொல்வேன். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம். சன்னலோரம் இருந்த இடக்கன்னம் ஆழ்ந்த மடிப்புகளுடன் தொங்க, வலக்கன்னம் பல ஆண்டுகள் இளமையாக இருந்தது. கண்ணாடி 'பி' கதிரைத் தடுக்கும். 'ஏ' கதிரில் பெரும்பங்கை விட்டுவிடும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம். அத்திப்பட்டுச் சாலையில் தேநீர்க் கடையருகே நிற்கும் லாரி ஓட்டுநர்களின் இரு கைகளையும் நான் நோட்டம் விட்டேன். வலக்கை கறுத்திருப்பதைக் காண நுண்ணோக்கி வேண்டாம். (என்னடா இந்தப் பெண் கையைப் பார்க்கிறதே, சோதிடம் சொல்லுமோ என்று ஒருவர் நினைத்திருக்கக் கூடும்.)

வெயிலுக்குத் துணை போகும் வேறு சிலவும் உண்டு. ஜெர்மனியில் ரூர் தொழிற்பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் முதிய பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, காற்றில் வாகனக் கரித்துகள் மிகுந்த இடங்களில் வசித்தோருக்கு முகத்தில் நிறப்புள்ளிகள் 20 சதவீதம் கூடுதல். பீடி, சிகரெட்டுப் புகையும் அதே கத்தரிக்கோல் நொதியைத் தூண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது கொலாஜன் இழைகளில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கச் செய்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோலைப் பதனிடுவதும் இழைகளைப் பிணைக்கும் வேலைதான். செருப்புக்கு அது நல்லது. உயிருள்ள தோலுக்கு நல்லதன்று.

இனி, நான் ஏமாந்த கதை. இரயில் சம்பவத்திற்குப் பின் உதவித்தொகைப் பணத்தில் 450 ரூபாய் கொடுத்துக் கொலாஜன் அடங்கியது என்று அச்சிட்ட களிம்பு ஒன்றை வாங்கி வந்து என் தாய்க்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் பக்தியோடு பூசிக் கொண்டார். பளபளப்பு வந்தது, கோடு அசையவில்லை. பிறகுதான் படித்தேன். நல்ல நிலையிலுள்ள தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போகக் கூடிய பொருளின் மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். கொலாஜனின் எடையோ ஏறத்தாழ 3,00,000 டால்டன். ஊசியின் காதில் உலக்கையை நுழைக்கப் பார்த்திருக்கிறேன்! அதன் ஈரப்பசை தோலின் மேல் தங்கும், அவ்வளவுதான்.

அதுவாவது தீங்கற்ற ஏமாற்றம். எங்கள் தெருவில் ஒரு பெண், தோழி சொன்னாள் என்று மருந்துக் கடையில் கேட்டு ஒரு சிறு குழாய்க் களிம்பை வாங்கி, நிறம் கூடுமென்று ஓராண்டு பூசினாள். அதில் இருந்தது ஸ்டீராய்டு. முதலில் முகம் வெளுத்தது. பின்னர் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரிந்து, வெயிலில் தலைகாட்ட முடியாமல் எரிந்தது. ஸ்டீராய்டு நாரணுவின் நெசவையே நிறுத்திவிடும். 20 வயதில் 76 வயதுத் தோலை விலை கொடுத்து வாங்கியது போலாயிற்று. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விதி இருக்கிறது என்பதைத் தோழிகள் அறிந்திருப்பது நல்லது. சுருக்கத்தைச் சிறிதேனும் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் டிரெட்டினாயின். அதையும் தோல் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது; கருவுற்றோர் தொடவே கூடாது.

அப்படியானால் 46 வயதுக்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லையா என்று நான் சோர்ந்திருந்தபோது ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் நடந்த ஆய்வைப் படித்தேன். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரில் ஒரு பாதியினரை நாள்தோறும் வெயில் தடுப்புக் களிம்பு பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் விருப்பப்படி விட்டார்கள். நாலரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நாள்தோறும் பூசியவர்களின் தோலில் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. முடிவு வெளியானது 2013-இல். நடுவயதில் தொடங்கியவர்களுக்கும் பயன் கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. வெட்டு நின்றால் நெசவாளி தன்னால் இயன்றதை நெய்கிறான்.

அக்களிம்பைப் போதிய கனத்தில் முகத்திற்கும் கைக்கும் பூசி, இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுவதென்றால் மாதச் செலவு எங்கள் வீட்டிற்குக் கட்டுபடியாகாது. கனத்த துணியும் நிழலும் அதே வேலையை இலவசமாகச் செய்யும். அதற்குச் சாட்சி என் தாயின் முதுகு. உப்பளத்து வேலை நின்றபின் அவர் காலையிலிருந்து நண்பகல் வரை சாலையோரம் கூடையில் மீன் வைத்து விற்கிறார். அங்கேயும் மரமில்லை. எனவே இம்முறை உதவித்தொகை வந்ததும் கடைத்தெருவில் வண்டிக்காரர்கள் நட்டு வைத்திருக்கும் பெரிய குடை ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கிச் சுமந்து வந்து, கல்லை அண்டக் கொடுத்து நட்டுவிட்டுக் கல்லூரிக்குப் புறப்பட்டேன்.

மாலையில் பேராசிரியையிடமும் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் சனிக்கிழமை. பதினொரு மணிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். குடை விரிந்திருந்தது. அதன் நிழலில் மீன் கூடை இருந்தது. என் தாய் வெயிலில் அமர்ந்திருந்தார்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"ஐஸ் உருகுது, கண்ணு. மீனு கெட்டா யாரு வாங்குவா?"

குடையைப் பிடுங்கி, இரண்டடி தள்ளி, கூடைக்கும் அவருக்கும் பொதுவாக நட்டேன். நிழல் பகலில் நகரும் என்பதால், மணிக்கொருமுறை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று தரையில் செங்கல் துண்டால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்.